சுருளை மறிக்கும் சுருள்

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில், சுவா கா பிங் என்ற வைரஸ் ஆய்வாளர் ஒரு குடுவையை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். குடுவையில் வளர்ந்தவை வெரோ செல்கள்; ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வகை. அவற்றின்மேல் விட்டிருந்தது, நெகிரி செம்பிலானில் சுங்கை நிபா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீர். வைரஸ் பிடித்த செல்கள் பொதுவாகச் சுருங்கி, உதிர்ந்து, மிதக்கும். இந்தக் குடுவையில் அடுத்தடுத்த செல்கள் இடைச்சுவர் அழிந்து ஒன்றாகிக் கிடந்தன. ஒரே உடல், உள்ளே பல உட்கருக்கள்.

அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் மருந்து குறிவைப்பது அந்தக் கலப்பைத்தான்.

நோய் தொடங்கியது அதற்கு ஆறு மாதம் முன்பு, ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில். காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்புதல். அதிகாரிகள் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். அது கொசுவால் பரவும் நோய். எனவே புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் தெற்கே நகர்ந்து சிக்காமட், சுங்கை நிபா, புக்கிட் பெலாண்டோக் என்று நெகிரி செம்பிலானுக்கு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் குறிப்புகள் கண்ணெதிரே கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும். இதில் படுத்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். சீனப் பண்ணைக்காரர்களும் அங்கே கூலிக்குப் போன இந்தியத் தொழிலாளர்களும் விழுந்தார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லையே. பன்றிகளோ தொலைதூரம் கேட்கும்படி குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன.

சுவா தன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது கொசு வைரஸ் அல்ல. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் குடும்பமான பாராமிக்ஸோ வகை. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ராணுவம் இறங்கிப் பத்து லட்சம் அளவில் பன்றிகளைக் கொன்றது. மலேசியாவில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 சாவு. சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். வைரஸுக்குக் கிராமத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லாத மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மட்டும் 94 நோயாளிகளைப் பார்த்தார்கள். 30 பேர் இறந்தார்கள். அங்கிருந்த மருத்துவர்களிடம் என்ன மருந்து இருந்தது? இந்தக் கேள்விதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம். நிபாவுக்கு என்று எந்த மருந்தும் இல்லை. வைரஸுக்கே பெயர் வைத்து ஒரு மாதம் ஆகவில்லை. அலமாரியில் இருந்தது ரிபாவிரின். குழந்தைகளின் நுரையீரலைப் பிடிக்கும் ஆர்எஸ்வி என்ற சாதாரணச் சளி வைரஸுக்காக 1980களின் நடுவில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, புகையாக உள்ளிழுக்கக் கொடுக்கப்பட்ட மருந்து. மற்ற மருத்துவமனைகளையும் சேர்த்து அதை 140 பேருக்குக் கொடுத்தார்கள். 45 பேர், அதாவது 32 விழுக்காட்டினர், இறந்தார்கள். மருந்து வருமுன் படுத்தவர்கள், வேண்டாம் என்றவர்கள் என 54 பேரை ஒப்பீட்டுக்கு எடுத்தால் அவர்களில் 29 பேர், 54 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்த நோயாளிகளையும் பின்னால் வந்தவர்களையும் ஒப்பிடும்போது மருந்தோடு சேர்த்து மருத்துவர்களின் அனுபவமும் கூடியிருக்கும். பிற்பாடு விலங்குகளில் சோதித்தபோது ரிபாவிரின் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டதே தவிர உயிரைக் காக்கவில்லை.

மருந்து வேலை செய்ததா என்பதைவிட, அது ஏன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதைப் பாருங்கள். ஒரு சாதாரண நோய்க்காகச் சோதித்து, அளவு தெரிந்து, பக்கவிளைவு தெரிந்து, பெட்டியில் அடைத்து வைத்திருந்ததால். கொள்ளைநோய் வந்த பிறகு புது மருந்து தேட நேரம் கிடைப்பதில்லை.

இனி அந்தக் கலந்துபோன செல்களுக்கு வருவோம். நிபா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு. அதில் இரண்டு வகைப் புரதங்கள் நட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று நம் செல்லைத் தேடிப் பிடிக்கும். மற்றது, எஃப் புரதம், இரு சவ்வுகளையும் ஒன்றாக்கும். பிடி கிடைத்ததும் எஃப் புரதம் தன் மடிப்பைக் குலைத்து நீண்டு, நுனியை நம் செல்லின் சவ்வுக்குள் செருகுகிறது. அடுத்த நொடிகளில் அது தன்மேலேயே மடங்கத் தொடங்குகிறது. தலைப்பக்கத்துச் சுருள்கள் மூன்று, வால்பக்கத்துச் சுருள்கள் மூன்று; இந்த ஆறும் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும்போது இரண்டு சவ்வுகளும் இழுபட்டு மோதிக் கலக்கின்றன. வைரஸின் மரபுப்பொருள் உள்ளே போய்விடுகிறது. தொற்றிய செல்லின் மேற்பரப்பிலும் இதே புரதம் முளைப்பதால் அது பக்கத்துச் செல்லையும் இழுத்துக் கலக்கிறது. சுவா பார்த்தது அதைத்தான்.

கால்சட்டையின் ஜிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கப் பற்களில் வேறு ஒரு துண்டு நாடாவை முன்கூட்டியே மாட்டிவிட்டால் மறுபக்கம் வந்து சேர இடமில்லை, இழுத்தாலும் ஏறாது. வால்பக்கத்துச் சுருளைப் போலவே ஒரு சிறு சங்கிலியை ஆய்வகத்தில் செய்து முன்னதாகவே அனுப்பிவிட்டால், தலைச்சுருள்களின் பள்ளத்தில் அது போய்ப் படுத்துக்கொள்ளும். எஃப் புரதம் பாதி மடிப்பில் நின்றுவிடும். அந்தச் சிறு சங்கிலிதான் பெப்டைடு.

பெப்டைடு என்பது புதுமையான பொருள் அல்ல. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி நீளமாக இருந்தால் புரதம் என்கிறோம், குட்டையாக இருந்தால் பெப்டைடு. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிள்ளானில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலும் முட்டைக்குப் பக்கத்தில் அந்த ஊசிப் பேனாவைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் அதே இனம். முகப்பூச்சு முதல் உடற்பயிற்சிக்கூடக் குப்பிகள் வரை ‘பெப்டைடு’ என்ற சொல்லை ஒட்டி விற்கிறார்கள். அவற்றை இந்த அத்தியாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலேசியாவில் பதிவான மருந்துக்கு ‘மால்’ என்று தொடங்கும் எண் பெட்டியில் இருக்கும். இல்லாததை வாங்குகிறவர் தன் உடம்பில் தானே ஆய்வு நடத்துகிறார்.

சுருளைச் சுருளால் மறிக்கலாம் என்று முதலில் நிரூபித்தது எச்ஐவி. அந்த வைரஸின் இணைப்புப் புரதத்திலிருந்தே நகலெடுத்த 36 அமினோ அமிலச் சங்கிலி, என்ஃபுவிர்டைடு என்ற பெயரில் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்துகள் கைவிட்டவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. குத்திய இடமெல்லாம் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் கட்டி, சிவப்பு, வலி. தயாரிக்க நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலர் விலை. மாத்திரைகள் மேம்பட்டதும் பெரும்பாலோர் ஊசியைக் கைவிட்டார்கள். மூலக்கூறு தோற்கவில்லை, அதை உடம்புக்குள் கொண்டுபோகும் வழி தோற்றது.

நிபா பக்கம் நடந்தது இன்னும் சுவையானது. குழந்தைகளுக்குத் தொண்டை கட்டி நாய் குரைப்பதுபோல் இருமல் வருமே, அதை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்று பாராஇன்ஃபுளூயன்சா மூன்றாம் வகை. நிபாவுக்குத் தூரத்து உறவு. நியூயார்க்கில் மத்தேயோ பொரோட்டோவும் ஆன் மொஸ்கோனாவும் அந்தச் சாதாரண வைரஸின் வால்சுருளை நகலெடுத்து, நிபாவின் நெருங்கிய சகோதரனான ஹெண்ட்ராமீது போட்டுப் பார்த்தார்கள். ஹெண்ட்ராவின் சொந்த வால்சுருளின் நகலைவிட, இந்த இரவல் சுருள் வலுவாக ஒட்டியது. நிபாவிலும் அப்படியே. ஓர் இருமல் வைரஸுக்காகச் செய்த துண்டு, மூளையைத் தின்னும் வைரஸை இன்னும் நன்றாக மறித்தது. பிறகு அதில் நான்கு இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றிப் பிடிப்பைக் கூட்டினார்கள்.

அடுத்த மாற்றம் வாலில் கொழுப்பைக் கட்டியது. வெறும் பெப்டைடைச் செரிமானச் சாறுகள் வெட்டிவிடும், ரத்தத்திலும் நொதிகள் கடிக்கும், மிச்சத்தைச் சிறுநீரகம் வடித்துவிடும். கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒன்றை நுனியில் இணைத்தால் அது செல்லின் சவ்வில் நங்கூரமிட்டு, கலப்பு நடக்கும் இடத்திலேயே காத்திருக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில், இப்படிக் கொழுப்புக் கட்டிய பெப்டைடு நிபா தொற்றிய வெள்ளெலிகளைக் காத்தது. 2018இல், பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஊசியை விட்டுவிட்டு மூச்சுக்குழாய் வழியாகவே கொடுத்தார்கள். வெள்ளெலிகளிலும் குரங்குகளிலும் உயிர்போக்கும் தொற்றை அப்படித் தடுக்க முடியும் என்று காட்டினார்கள்.

மூச்சு வழி ஏன் முக்கியம்? 1999இல் மலேசியாவில் நிபா பன்றியிலிருந்து மனிதருக்குத்தான் வந்தது. மனிதரிலிருந்து மனிதருக்குத் தாவுவது அரிது. வங்கதேசத்திலும் கேரளத்திலும் பின்னர் வந்த வகையின் குணம் வேறு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தில் தொடங்கி மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இருமலோடு பரவியது. 23 பேர் படுத்தார்கள். 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு மூச்சுத்திணறல். நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினியும் இறந்தார். அப்படிப்பட்ட வார்டில் வேலைக்குப் போகுமுன் மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ள ஏதாவது இருந்திருந்தால் என்பதுதான் இந்த ஆய்வாளர்களின் இலக்கு.

கோவிட் வந்ததும் அதே நியூயார்க் குழு, ரோட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தோடு இணைந்து, கொரோனா வைரஸின் வால்சுருளை நகலெடுத்து, இரண்டிரண்டாகக் கோத்து, கொலஸ்ட்ராலில் கட்டி, ஃபெரெட் என்ற மரநாய் இனத்தின் மூக்கில் நாள்தோறும் விட்டது. பிறகு தொற்றிய விலங்கோடு 24 மணி நேரம் ஒரே கூண்டில். மருந்து பெறாதவை எல்லாம் தொற்றுக்கு ஆளாயின. பெற்றவற்றில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. இது 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. உலகமே தடுப்பூசிச் செய்தியில் மூழ்கியிருந்த நேரம். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

சொல்லப்போனால், கோவிட் காலத்தில் பெப்டைடுக்கு வெளிச்சம் கிடைத்தது வேறோர் இடத்தில், தவறான காரணத்துக்காக. ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஒரு பெப்டைடை 1970இல் சாமி சயீதும் விக்டர் மூட்டும் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். 28 அமினோ அமிலங்கள். நம் நுரையீரலிலும் உண்டு. அதன் செயற்கை வடிவமான அவிப்டடில், ஐசியுவில் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிகளைக் காக்கும் என்று ஆரம்பத்தில் பரபரப்பான செய்திகள் வந்தன. பிறகு 460 பேருக்குச் சற்று மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு முடிந்தபோது, மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இறந்திருந்தார்கள். இருக்கிற மருந்தைப் புது வேலைக்கு எடுப்பது மலிவு, விரைவு என்று பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மலேசியருக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. பெப்டைடு அல்ல, ஐவர்மெக்டின். 2021இல் அந்தப் புழு மாத்திரைக்கு ஆள் பறந்தது. வாட்ஸ்அப் முழுக்க அதன் அளவுக் குறிப்புகள். ஈப்போ மருத்துவர் ஒருவர் தலைமையில் நாட்டின் 20 அரசு மருத்துவமனைகள் சேர்ந்து 490 நோயாளிகளிடம் அதைச் சோதித்தன. ஐந்து நாள் மாத்திரை பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று சொல்லலாம். பயன் என்று சொல்ல முடியாது. கொள்ளைநோயின் உச்சத்தில், நெரிசலான அரசு மருத்துவமனைகளில், இப்படி ஒழுங்கான சோதனையை நடத்தி முடித்தது சாதாரணம் அல்ல. எனக்கு அந்த ஆய்வின் விடையைவிட அதை நடத்தத் தெரிந்திருந்தது பெரிது.

ஆய்வகக் குடுவைகளில் ஜெயித்த பெப்டைடுகள் ஏராளம். கேரளத்துத் தவளை ஒன்றின் தோலிலிருந்து எடுத்த பெப்டைடு எச்1 வகை இன்ஃபுளூயன்சாவை உடைக்கிறது என்று திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் 2017இல் காட்டின. சுருள்வாளின் பெயரால் அதற்கு உருமின் என்று பெயர். எலிகளைக் காத்தது. எச்3 வகையிடம் பலிக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே, கை-கால்-வாய் நோயை உண்டாக்கும் என்டரோவைரஸ் 71இன் மேலோட்டுப் புரதம் ஒன்றை 95 துண்டுகளாகச் செய்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு துண்டு, வைரஸ் செல்லில் ஒட்டுவதையே தடுத்தது. அது சுவாச நோய் அல்ல, ஆனால் வித்தை இங்கேயும் கைவந்திருக்கிறது என்பதற்குச் சான்று. இவற்றில் எதுவும் இன்று மருந்துக்கடையில் இல்லை.

பெப்டைடை நுரையீரலுக்குக் கொண்டுபோக முடியாது என்பதல்ல சிக்கல். உள்ளிழுக்கும் இன்சுலின் 2006இல் விற்பனைக்கு வந்தது. கருவி பருமன், விலை அதிகம், வாங்க ஆளில்லை, அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். மருந்தைப் பனிப்புகையாக்கும் நெபுலைசரோ கிள்ளானில் எந்தச் சின்ன கிளினிக்கிலும் இருக்கிறது. இழுப்பு வந்த பிள்ளைக்கு “கேஸ் வைத்துவிட்டு வந்தோம்” என்று தாய்மார்கள் சொல்வது அதைத்தான். வழி இருக்கிறது. ஆனால் நிபா போன்ற நோய்க்கு மனிதரில் சோதனை நடத்த ஆட்கள் கிடைப்பதில்லை. ஊரில் 20 பேர் படுத்து, மூன்று வாரத்தில் அடங்கிவிடும் நோயில், குலுக்கல் போட்டு இரு பிரிவாகப் பிரிக்க யாரைத் தேடுவது? மலேசியாவில் 1999க்குப் பிறகு ஒரு நோயாளிகூட இல்லை.

அதனால்தான் நான் பழைய நோட்டுப் புத்தகங்களின் பக்கம் திரும்புகிறேன். அதே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, 1982 முதல் 2008 வரை 27 ஆண்டுகள், சுவாசத் தொற்றோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளின் சளி மாதிரிகளைச் சோதித்துப் பதிந்து வைத்திருந்தது. 10,269 மாதிரிகள், 2,708இல் வைரஸ். அவற்றில் ஆர்எஸ்வி 1,913, பாராஇன்ஃபுளூயன்சா 357, இன்ஃபுளூயன்சா 297, அடினோ 141. முதல் இரண்டும் இந்தக் கதைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவை. ஒன்று ரிபாவிரினை அலமாரிக்குக் கொண்டுவந்த வைரஸ். மற்றது நிபாவை மறித்த சுருளைக் கொடுத்த வைரஸ்.

2019இல் அந்த இரவல் சுருளை இன்னும் திருத்தி, பாராஇன்ஃபுளூயன்சா மூன்றையும் ஆர்எஸ்வியையும் ஒரே பெப்டைடு மறிக்கும்படி செய்துகாட்டினார்கள். நிபாவுக்கென்று காத்திருக்கத் தேவையில்லை; கோலாலம்பூர் மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் ஆண்டுதோறும் நிரம்பும் கட்டில்களே இந்த மருந்து வகையைச் சோதிக்கும் இடம். அங்கே அளவு தெரிந்து, தீங்கு தெரிந்து, பெட்டிக்குள் வந்துவிட்டால், அடுத்த முறை, நிபாவைச் சுமக்கும் பழந்தின்னி வௌவாலிடமிருந்து ஏதாவது இறங்கும்போது மருத்துவர் திறக்கிற அலமாரியில் ரிபாவிரினைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கும். இப்போது ஆர்எஸ்விக்குத் தடுப்பூசிகளும் எதிர்ப்புப்பொருள் ஊசிகளும் வந்துவிட்டதால் முதலீட்டாளர் ஆர்வம் குறையலாம். பாராஇன்ஃபுளூயன்சாவுக்கோ இன்னும் எதுவும் இல்லை.

நடைமுறைக்கு வந்தால், செய்ய வேண்டியது கடினமானது, ஆனால் தெரியாதது அல்ல. ஆர்எஸ்வி இங்கே ஆண்டின் கடைசி மாதங்களில், மழையோடு ஏறும். ஆகவே ஆகஸ்டுக்குள் தயாராக வேண்டும். முதலில் நோயில்லாத பெரியவர்களிடம் பாதுகாப்பைப் பார்த்துவிட்டு, பிறகுதான் குழந்தைகள். பெப்டைடு வைரஸை வாசலில் மறிப்பது. உள்ளே போய்ப் பெருகிய பிறகு கொடுத்தால் அவிப்டடிலின் கதைதான். எனவே காய்ச்சலின் முதல் ஓரிரு நாளிலேயே பரிசோதனை நடக்க வேண்டும், அது பெரிய மருத்துவமனையில் அல்ல, கிள்ளான், காப்பார், பூச்சோங் பக்கத்துக் கிளினிக்குகளில்தான் முடியும். பதிவாகாத மருந்தை இறக்குமதி செய்து சோதிக்க, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புநீர்ப் புகைதான் கிடைக்கும் என்பதைப் பெற்றோரிடம் அந்த நான்கு மொழியிலும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.